மறு: ‘ஆர்ட்டிகுலேஷன் டிஸார்டர்’ – உச்சரிப்புக் கோளாறா, ஒலிப்புக் குறையா?

குழுவினருக்கு வணக்கம். அங்கன்வாடிக் கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியலில், பிள்ளைகளுக்குப் பேச்சொலிகள் சரியாக வராத ‘ஆர்ட்டிகுலேஷன் டிஸார்டர்’ என்பதற்கு ‘உச்சரிப்புக் கோளாறு’ வேண்டாம் என்ற என் கருத்துக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> ‘உச்சரிப்பு’ வடசொல் என்பதைத் தவிர அதில் வேறென்ன குறை?

வடசொல் என்பது எனக்குப் பொருட்டே இல்லை, ஐயா. பள்ளிக்கூடத்தில் ‘உச்சரிப்பு சரியில்லை’ என்று சொன்னால் பாதி நேரம் அடி விழுவது வட்டார வழக்குக்குத்தான். ‘பழம்’ சென்னைப் பிள்ளை வாயில் ‘பயம்’, மதுரைப் பக்கம் ‘பளம்’. வீட்டில் அம்மாவும் அப்படியே சொல்கிறார். ‘உச்சரிப்புக் கோளாறு’ என்று அங்கன்வாடிக் கையேட்டில் அச்சேறிவிட்டால் ழகரம் வராத ஊரெல்லாம் சிகிச்சைக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு குறைகளை அடைக்கப் பார்க்கிறோம்.

நான்கு வயதுப் பிள்ளை ஒன்று காக்காவைத் ‘தாத்தா’ என்கிறது, காயைத் ‘தாய்’ என்கிறது. தனியாக ‘க’ சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறது. நாவின் பின்பகுதி எழும்புவதில் தடை ஏதும் இல்லை. க, த இரண்டும் பொருளை மாற்றும் தனித்தனி ஒலியன்கள் என்ற கணக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளைக்குக் காய்ப் படம் ஒன்றும் தாய்ப் படம் ஒன்றும் வைத்து, வேண்டியதைக் கேட்கச் சொல்வோம். காயை நினைத்துக்கொண்டு ‘தாய்’ என்றால் தாய்ப் படந்தான் கைக்கு வரும். தான் சொன்னது வேறாகப் போய்விட்டது என்று அப்போது உறைக்கும்.

இன்னொரு பிள்ளை சகரத்தைப் பல்லிடுக்கில் நாக்கை நீட்டிச் சொல்கிறது. ச வேறு, த வேறு என்று அதற்கு நன்றாகத் தெரியும். நாக்கு நிற்க வேண்டிய இடம் மட்டும் அமையவில்லை. இங்கே கண்ணாடியும் நாக்கை நிறுத்தப் பழக்குவதுமே வைத்தியம். படச்சீட்டால் பயனில்லை.

பின்னதற்கு ‘ஒலிப்புக் குறை’, முன்னதற்கு ‘ஒலியன் ஒழுங்குக் குறை’ என்பது என் முன்மொழிவு. இரண்டுக்கும் பொதுவாகப் ‘பேச்சொலிக் கோளாறு’. அமெரிக்க உளமருத்துவச் சங்கமும் தன் மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் (DSM) 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பழைய ‘ஃபோனாலஜிக்கல் டிஸார்டர்’ என்ற பெயரை எடுத்துவிட்டு ‘ஸ்பீச் சவுண்ட் டிஸார்டர்’ என்ற பொதுப்பெயரை வைத்தது.

> மூன்று வயதுப் பிள்ளை மழலை பேசினாலும் கோளாறா?

இல்லை அம்மா. வளர்ச்சியின் அந்தக் கட்டத்துக்கு ‘மழலை’யே கலைச்சொல்லாக இருக்கட்டும். ப, ம, த, ந முந்தி வரும். ர, ழ பிந்தி வரும். ரகர ழகரங்களுக்குத் தொல்காப்பியம் ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்கிறது, அதாவது நாக்கு நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ வேண்டும். அணர்ந்து வருடுவது சின்ன நாக்குக்கு லேசான வேலையா? 27 மொழிகளின் ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை, ஐந்து வயதுக்குள் பெரும்பாலான மெய்யொலிகள் அமைந்துவிடுகின்றன என்று காட்டியது. ஆனால் மூன்று வயதில் வெளியாருக்குப் பாதிப் பேச்சுகூடப் புரியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் ஒலிகள் மங்கலாகவே போய்ச் சேரும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதால் ஒன்றும் ஆகாது.

பிழைவகைகளுக்கு நாம் புதிதாக எதையும் தேட வேண்டாம் என்று தோன்றுகிறது. புணர்ச்சி விகாரத்துக்கு நன்னூல் சொல்லும் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் அப்படியே உட்காருகின்றன. ‘ரயில்’ ‘லயில்’ ஆவது திரிதல். ‘மரம்’ ‘மம்’ ஆவது கெடுதல். இல்லாத ஒலி நுழைந்தால் தோன்றல். (‘இஸ்கூல்’ இதில் சேராது, அதைத் தாத்தாவே சொல்வார்.) இலக்கணத்தில் விதியாக இருப்பதைப் பிழைக்குப் பெயராக்கலாமா என்று புலவர்கள் கேட்பார்கள். ஒலிக்கு நேர்வது இரண்டிடத்திலும் ஒன்றே. விதியா பிழையா என்பது இடத்தைப் பொறுத்தது.

நான்காவது வகைதான் இடிக்கிறது. பல்லிடுக்குச் சகரம்போல, வேறோர் ஒலியாகவும் மாறாமல் சரியாகவும் அமையாமல் நிற்பது. இப்போதைக்குச் ‘சிதைதல்’ என்று குறித்திருக்கிறேன், ஆனால் சொல்லே உடைந்துபோனதுபோல் கேட்கிறது. ‘குழறல்’ வேண்டாம், பக்கவாதத்துக்குப் பின் வரும் பேச்சுக்கு அது தேவைப்படும். இந்த ஒன்றுக்கு யாராவது நல்ல சொல் தந்தால் பட்டியலை அச்சுக்கு அனுப்பிவிடலாம்.