ஸ்பில்வே, அப்லிஃப்ட்: தமிழில் என்ன? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

வணக்கம். திங்கட்கிழமை டிப்ளமோ சிவில் மாணவர்களுக்கு ஓரோவில் அணையைப் பாடமாக எடுக்கிறேன். கலிஃபோர்னியாவில் 1968-இல் கட்டி முடித்த அணை, 770 அடி உயரம். 2017 பிப்ரவரி 7 அன்று தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோதே ஸ்பில்வேயின் (அணையில் மிகுந்த நீரை வெளியேற்றும் வழி) கான்கிரீட் தளம் பெயர்ந்து பெரும் பள்ளமாகிவிட்டது. தளத்துக்கு அடியில் போட்ட வடிகுழாய்கள் கான்கிரீட்டுக்குள்ளேயே ஏறி நின்றதால் அங்கெல்லாம் தளம் மெலிந்து, குழாய் போன வழியிலேயே விரிசல் விட்டிருந்தது. விரிசலில் புகுந்த தண்ணீர் கீழிருந்து தளத்தையே தூக்கிவிட்டது. இப்படித் தண்ணீர் கீழிருந்து மேலே தள்ளுவதுதான் அப்லிஃப்ட். மறுபடி கட்டியபோது தளத்தைத் தடிமனாக்கி, பாறையோடு கம்பி அடித்துப் பிணைத்தார்கள். ஸ்பில்வேக்கு 'மிகைநீர் வழிந்தோடி', அப்லிஃப்ட்டுக்கு 'மேலுந்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?
– சேலம்

ஐயா, ஏரி கட்டத் தெரிந்தவனுக்குச் சொல் தெரியாமலா இருந்தது? எங்கள் பக்கம் குளம் நிரம்பினால் 'மறுகால் பாயுது' என்பார்கள். கால் என்றால் நீரோடும் வழி, வாய்க்காலில் இருக்கும் அதே கால். மறுகால்குறிச்சி, மறுகால்தலை என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. மறுகால்தலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருப்பதும் இங்கே பலருக்குத் தெரியும். இதைவிடப் பழைய சான்று என்ன வேண்டும்?
– நெல்லை

அந்தக் கல்வெட்டு கற்படுக்கை செய்து கொடுத்ததைப் பற்றியது அண்ணாச்சி, அதில் குளமும் இல்லை, மறுகாலும் இல்லை. வேண்டுமானால் கலிங்கு என்று சொல்லுங்கள், வட மாவட்டத்திலும் புரியும். ஆனால் கலிங்கில் நீர் தானாக வழியும், கதவு கிடையாது. ஓரோவிலில் இரண்டு ஸ்பில்வே. உடைந்தது கதவு வைத்தது. அவசரத்துக்கென்று கட்டிய இன்னொன்றில்தான் தண்ணீர் தானாக வழியும். அதன் கீழே மண் அரித்துக்கொண்டு வந்ததால்தான் பிப்ரவரி 12 அன்று 1,88,000 பேரை ஊரைவிட்டுக் கிளப்பினார்கள். அதற்குக் கலிங்கு என்ற சொல் கச்சிதம். உடைந்ததற்கு என்ன பெயர்? 'வழிந்தோடி' அதற்கும் பொருந்தாது.
– சென்னை

எங்கட பக்கம் இந்தப் பிரச்சினையே இல்லை. குளம் வான் பாயும், கதவிருந்தால் வான் கதவு. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தால் செய்தியிலும் அப்படித்தான் வரும். அப்லிஃப்ட்டுக்கு நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த 'மேலுதைப்பு' போதும். உந்தம் (மொமென்டம்) என்று தொடங்கினால் பிள்ளைகள் திணிவையும் வேகத்தையும் பெருக்கப் போய்விடுவார்கள்.
– யாழ்ப்பாணம்

மேலுதைப்புக்கு என் ஓட்டு. வானுக்கு இல்லை. சிங்களத்திலும் 'வான் தொரட்டு' என்றுதானே சொல்கிறார்கள்? யார் யாரிடம் வாங்கியது என்று தெரியாமல் கலைச்சொல்லாக்கக் கூடாது. தவிர, சேலத்துப் பையனிடம் வான் என்றால் மேலே பார்ப்பான்.
– கோவை

வாங்கினால் என்ன, கொடுத்தால் என்ன? விவசாயி நாலு தலைமுறையாகச் சொல்கிற சொல்லுக்கு உங்களிடம் பிறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?
– யாழ்ப்பாணம்

சண்டை வேண்டாம். மேட்டூரில் 1934-இல் கட்டி முடித்த அணைக்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. 'பதினாறு கண் மதகு வழியாக உபரிநீர் திறப்பு' என்று செய்தித்தாளில் எத்தனை தடவை படித்திருப்போம்! கதவு வைத்தது மதகு, முடிந்தது. சேலத்துக்காரருக்கு உள்ளூர்ச் சொல் வேறு.
– ஈரோடு

பாசனத்துக்குத் திறப்பதும் மதகுதானே ஐயா. வினாத்தாளில் மதகு என்று போட்டால் எந்த மதகு என்று கேட்பான். அப்புறம், உடைந்தது கதவில்லை, கதவுக்குக் கீழே சரிந்து போகிற கான்கிரீட் தளம். அதற்கு யாருமே சொல் தரவில்லை. 'சறுக்குத்தளம்' என்று போடலாமா? பொதுச்சொல்லாக 'உபரிநீர்ப் போக்கி', கதவில்லாததற்குக் கலிங்கு, அப்லிஃப்ட்டுக்கு மேலுதைப்பு. யாரும் பெரிதாக மறுக்காவிட்டால் இன்று ராத்திரி அச்சுக்கு அனுப்புகிறேன்.
– சேலம்

சறுக்குத்தளம் பூங்காவுக்குச் சரி, அணைக்கு ஒட்டவில்லை. 'சரிதளம்' போடுங்கள். மற்றதெல்லாம் சம்மதம்.
– சென்னை

எனக்குச் சம்மதமில்லை. போக்கி என்றால் கழிவுநீர்ப் போக்கிதான் நினைவுக்கு வருகிறது. வகுப்பில் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது மறுகாலையும் பக்கத்தில் எழுத வேண்டும். கல்வெட்டு பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
– நெல்லை