பாட்டியோட ஏகாந்த வீணைக்கு இன்சூரன்ஸ்: வீட்டு பாலிசி போதுமா?

நாதஸ்ரீ_சென்னை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல பாட்டி வாசிச்ச தஞ்சாவூர் ஏகாந்த வீணை இருக்கு, ஒரே பலாக்கட்டையில குடைஞ்சது, குடத்துக்கும் (உருண்டையான அடிப்பாகம்) தண்டிக்கும் (நீளமான கழுத்து) நடுவுல ஒட்டே கிடையாது. இப்ப என் பொண்ணு அதுலதான் வாசிக்கிறா. மார்கழி வந்தா சபா சபாவா கார்ல தூக்கிட்டு போறோம், அடுத்த வருஷம் சிங்கப்பூர்ல ஒரு ப்ரோக்ராமுக்கு வேற பேச்சு நடக்குது. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி போட்டிருக்கோம். ஏஜென்ட்கிட்ட கேட்டா "வீட்டு சாமான் எல்லாம் கவர் ஆகும் மேடம்"னு ஒரே வரியில முடிச்சிட்டார். வீட்டை விட்டு வெளிய போனா? கார்ல இருந்து யாராவது தூக்கிட்டு போனா? கைதவறி குடம் விரிஞ்சா? வாங்கின பில் எதுவும் இல்ல, அந்த காலத்துல யாரு பில் குடுத்தா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஓய்வுபெற்ற_சர்வேயர்:
மேடம், அந்த பாலிசியை எடுத்து திருட்டுன்னு போட்டிருக்குற இடத்தை ஒருதரம் படிங்க. பாரத் கிருஹ ரக்ஷாவுல தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம், கலவரம் மாதிரி ஏதாவது நடந்து, அதனால ஏழு நாளுக்குள்ள திருடு போனாத்தான் கவர். சும்மா ஒருத்தன் பூட்டை உடைச்சு தூக்கிட்டு போனா அதுல வராது, பர்க்லரி கவர் தனியா சேர்த்திருக்கணும். அதை சேர்த்தாலும் வீட்டுக்குள்ள வரைக்கும்தான்.

வெளிய எடுத்துட்டு போற பொருளுக்கு ஆல் ரிஸ்க்னு ஒரு கவர் இருக்கு, அதைத்தான் கேட்கணும். ஆனா பேரைப் பார்த்து எல்லாமே வரும்னு நினைச்சுடாதீங்க. நிறைய ஆல் ரிஸ்க் பாலிசில கண்ணாடி, கேமரா, இசைக்கருவி மாதிரி உடையக்கூடிய பொருள் உடைஞ்சா, விரிஞ்சா, கீறல் விழுந்தா, அது தீ விபத்தாலயோ போற வண்டி விபத்தாலயோ நடந்தாத்தான் பணம்னு எழுதியிருப்பாங்க. அப்படின்னா மேடையில இருந்து இறக்கும்போது கைதவறி விழுந்தா ஒண்ணும் கிடைக்காது! உங்களுக்கு முக்கியமே அதுதானே. அதனால "கைதவறி விழுந்து உடைஞ்சா கவர் உண்டா"ன்னு மெயில்ல கேட்டு, பதிலையும் மெயில்லயே வாங்கி வெச்சுக்கோங்க. கார் விஷயமும் அப்படித்தான், எல்லா கதவும் கண்ணாடியும் மூடி பூட்டியிருந்த காரா இருந்தாத்தான் ஒத்துப்பாங்க. ஆட்டோல வெச்சுட்டு டீ குடிக்க போனேன்னா போச்சு.

அப்புறம் தொகை. பழைய வீணைக்கு அக்ரீட் வேல்யூ, அதாவது இவ்வளவுன்னு ரெண்டு தரப்பும் முன்னாடியே ஒத்துக்கிட்டு பாலிசில எழுதுற முறையைக் கேளுங்க. இல்லேன்னா சர்வேயர், அதாவது நஷ்டத்தை மதிப்பிட கம்பெனி அனுப்புற ஆள் வந்து இன்னிக்கு கடையில புது வீணை என்ன விலைன்னு பார்த்து அதுல தேய்மானம் கழிப்பார். பழசாக பழசாக நாதம் கூடுற பொருளுக்கு தேய்மானம் போடுறது எவ்வளவு அநியாயம், ஆனா எழுதி வெக்கலைன்னா அதுதான் நடக்கும். ப்ரீமியம் குறையட்டும்னு தொகையை குறைச்சும் போடாதீங்க. 6 லட்சம் மதிப்புள்ளதை 3 லட்சத்துக்கு போட்டா, ரிப்பேர் செலவு 40,000 ஆனாலும் 20,000தான் தருவாங்க, ஆவரேஜ் க்ளாஸ்னு சொல்லுவாங்க.

பிடில்_மயிலை:
அக்கா, சிங்கப்பூர் போறதா இருந்தா ஏர்லைன்ஸ்காரன் குடுப்பான்னு மட்டும் நம்பிடாதீங்க. சர்வதேச பயணத்துல செக்-இன் பேக்கேஜுக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம்னு விமானப் பயணத்துக்கான ஒரு சர்வதேச ஒப்பந்தப்படி ஒரு ஆளுக்கு உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப்போட கணக்கு அலகு; 2024 டிசம்பர் 28ல இருந்து), நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு கிட்ட வரும், அதுவும் பெட்டி துணிமணி எல்லாம் சேர்த்து. உள்நாட்டு ஃப்ளைட்னா வெறும் 20,000. கூடுதல் மதிப்பு டிக்ளேர் பண்ணி பணம் கட்டலாம்னு விதி இருக்கு, ஆனா அதை செக்-இன் முன்னாடியே பேசி எழுத்துல வாங்கணும். சில ஏர்லைன்ஸ்ல கருவிக்கு தனி சீட் வாங்கலாம், ஆனா வீணை நீளத்துக்கு ஒத்துப்பாங்களான்னு புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

பெல்ட்ல இருந்து எடுத்தவுடனே அங்கயே பெட்டியைத் திறந்து பாருங்க, உடைஞ்சிருந்தா ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராம கவுண்டர்ல ரிப்போர்ட் போடுங்க, 7 நாளுக்குள்ள எழுத்துல புகாரும் குடுத்தே ஆகணும். இன்னொண்ணு, பழைய வீணையில வெள்ளையா வேலைப்பாடு இருந்தா அது தந்தமா, மான்கொம்பா, பிளாஸ்டிக்கான்னு தெரிஞ்சவங்ககிட்ட காட்டிட்டு போங்க. தந்தம்னா கஸ்டம்ஸ்ல பிடிச்சு வெச்சுப்பாங்க, அப்படி பறிமுதல் ஆனா சாதாரணமா எந்த இன்சூரன்ஸும் தராது.

நாதஸ்ரீ_சென்னை:
ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. வெள்ளை வேலைப்பாடு இருக்கு, கண்டிப்பா காட்டுறேன். சரி, மதிப்பை யாருகிட்ட எழுதி வாங்குறது? நகைக்கு அப்ரைசர் இருக்காங்க, வீணைக்கு?

தண்டியும்_யாளியும்:
அக்கா, நாங்க தஞ்சாவூர்ல வீணை வேலை செய்யுற குடும்பம். எங்க மாதிரி ஆளுங்ககிட்டதான் வருவாங்க, லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுப்போம், கம்பெனி ஏத்துக்குமான்னு முதல்லயே கேட்டுட்டு வாங்க. அதுல ஏகாந்தமா ஒட்டு வீணையா, என்ன மரம், சுமாரா எந்த காலத்தது, எங்கெங்க ரிப்பேர் ஆயிருக்கு, இன்னிக்கு விலை என்ன, இதெல்லாம் இருக்கணும். 2013ல புவிசார் குறியீடு வந்த பிறகு புது வீணைக்கு பேர் கூடியிருக்கு, ஆனா பழைய ஏகாந்தத்தோட விலையை கடையில தொங்குற புதுசை வெச்சு சொல்லவே முடியாது.

போட்டோ எடுக்கும்போது சும்மா முன்பக்கம் மட்டும் எடுக்காதீங்க. தண்டியோட நுனியில இருக்குற யாளியோட முகம், குடத்துக்கு பின்னாடி மரத்தோட ரேகை ஓடுற விதம், பிருடை (தந்தியை முறுக்குற ஆணி), பழைய விரிசல் ஒட்டின இடம் எல்லாத்தையும் கிட்டத்துல எடுங்க. ரெண்டு வீணையில அந்த ரேகை ஒண்ணா இருக்கவே இருக்காது, திருடு போய் எங்கயாவது விற்பனைக்கு வந்தா அதை வெச்சுதான் நம்மளுதுன்னு நிரூபிக்கணும். மதிப்பு எடுக்குற வரைக்கும் புது பாலிஷ் போடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், வெயில்ல கார்ல விட்டு மெழுகு இளகி, அதுல பதிச்சிருக்குற மெட்டு (ஸ்வரத்துக்கான கம்பி) நகர்ந்தா, ஏசி ஒத்துக்காம மரம் விரிஞ்சா, தந்தி அறுந்தா, இதெல்லாம் இன்சூரன்ஸ்ல வராது. மெழுகை மறுபடி கட்டலாம், குடம் விரிஞ்சா பழைய நாதம் திரும்புமான்னு எங்களாலயே சொல்ல முடியாது. அதை காப்பாத்துறது உங்க கையில.

ராகமாலிகா77:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. க்ளெய்ம் பணம் வாங்கிட்டா கருவி அதுக்கப்புறம் கம்பெனி சொத்து. மின்-ஜின் கிம்னு ஒரு வயலின் கலைஞர், 2010ல லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன் கடையில அவங்களோட ஸ்ட்ராடிவாரியஸ், அதாவது ரொம்ப விலை உயர்ந்த பழைய இத்தாலிய வயலின், திருடு போச்சு. இன்சூரன்ஸ் 7,50,000 பவுண்ட் குடுத்தாங்க, அவங்க வேற வயலின் வாங்கிட்டாங்க. 2013ல பழசு கிடைச்சுது, ஆனா அது கம்பெனியோடது, திருப்பி வாங்க அவங்களால முடியல, ஏலத்துல போயிடுச்சு. படிச்சப்ப மனசு ஆறவே இல்ல எனக்கு. அதனால, பிற்பாடு கிடைச்சா வாங்கின க்ளெய்ம் தொகையைக் கட்டிட்டு நாமளே எடுத்துக்கிற உரிமை உண்டான்னு பாலிசி எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்க.

ஓய்வுபெற்ற_சர்வேயர்:
சரியா சொன்னீங்க. திருட்டு க்ளெய்ம்னா இன்னொண்ணு, போலீஸ் ஸ்டேஷன்ல முதல்ல சிஎஸ்ஆர்னு புகார் வாங்கினதுக்கு ரசீதுதான் குடுப்பாங்க, அது பத்தாது, எஃப்ஐஆர் போட வெக்கணும், கடைசியில கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் சர்டிபிகேட்டும் கேட்பாங்க. கம்பெனிக்கு அன்னிக்கே தகவல் சொல்லிடுங்க. க்ளெய்மை நிராகரிச்சா முதல்ல அவங்க குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதுங்க, ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன், அதாவது இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற அதிகாரி, சென்னையிலயே இருக்கார், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.