பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, டிக்கெட் போட முடியவில்லை

சேலத்தில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஜனவரி கடைசியில் நெதர்லாந்தில் நடக்கும் ராட்டர்டாம் திரைப்பட விழாவுக்குப் போகிறேன். முதல் விமானப் பயணம். ஏற்காடு ரோட்டில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் வயிற்றுக்குள் என்னவோ பண்ணுகிறது. ஸ்வெட்டர்கூட வாங்கியாகிவிட்டது.

சிக்கல் பெயரில். பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுதும் கிவன் நேமில் இருக்கிறது. சர்நேம் காலி. நமக்கு இனிஷியல்தானே, குடும்பப் பெயருக்கு எங்கே போவது? விமான நிறுவனத்தின் தளத்தில் கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் கட்டம் சிவப்பாகிறது, அடுத்த பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. இனிஷியல் ஒரு எழுத்தைப் போட்டேன், அதையும் ஏற்கவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் கிவன் நேமையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கிறார்கள். ஐந்து ரோட்டில் இருக்கும் டிராவல் ஏஜென்ட் அண்ணன் அப்பா பெயரைப் போடு என்கிறார். அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 12 சென்னையில் ஷெங்கன் விசா (நெதர்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) அப்பாயின்ட்மென்ட். அதற்குள் டிக்கெட் முன்பதிவு கையில் வேண்டும். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ கவரேஜ் உள்ள பயண இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று. பாஸ்போர்ட்டைத் திருத்தி வாங்க நேரமில்லை.

சர்நேம் காலியான பாஸ்போர்ட்டோடு ஐரோப்பா போய் வந்தவர்களே, டிக்கெட்டில் கடைசிப் பெயர் கட்டத்தில் என்ன போட்டீர்கள்?