பாலித் தீவு: சுற்றுலாவுக்கு வரம்பு வேண்டுமா?

செங்கதிர்:
கட்டாயம் வேண்டும். பாலியின் உபுத், சாங்கு ஊர்ப் பக்கம் வரப்பு முடிகிற இடத்திலேயே சுற்றுலா வில்லாவின் மதில் எழும்புகிறது. மேலே ஒரு வாய்க்காலை அடைத்தால் கடைமடை காய்கிறது. காய்ந்த நிலத்தை விற்காமல் விவசாயி என்ன செய்வான்? 2012ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது பாலியின் கடற்கரையை அல்ல, 'சுபாக்' என்ற பாசன முறையை.

மலைக்காற்று:
அண்ணே, வயலை வைத்து மட்டும் பாலி பிழைக்க முடியாது. 2020ல் கொரோனாவால் விமானங்கள் நின்றதும் மாகாணப் பொருளாதாரம் 9 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஓட்டுநர், சமையல்காரர், மரச்சிற்பி என எத்தனை பேருக்கு அன்றைய பாடே திண்டாட்டம்! கலையும் வெளியாட்களால் வளர்ந்திருக்கிறது. ராமாயணக் கதையை 'சக், சக்' என்ற குரலொலியிலேயே ஆடும் கெச்சாக், 1930களில் உள்ளூர்க் கலைஞர்களும் வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மானிய ஓவியரும் சேர்ந்து பார்வையாளர்களுக்காக வடிவமைத்தது.

செங்கதிர்:
அதே 2020ல் பாலிக்குப் பக்கத்திலுள்ள லெம்போங்கான் தீவுக்காரர்களுக்குக் கைகொடுத்தது எது தம்பி? சுற்றுலா வந்ததும் விட்டுப்போன கடற்பாசி வளர்ப்புதான்.

சுபாக் வெறும் வாய்க்கால் இல்லை. எந்த ஊர் எப்போது நடுவது என்று விவசாயிகள் நீர்க்கோயில்களில் கூடி முடிவெடுப்பார்கள். பக்கத்து ஊர்கள் சேர்ந்தே நட்டு, சேர்ந்தே அறுத்து, சேர்ந்தே தரிசு போடுவார்கள். தரிசு காலத்தில் பூச்சிக்கு இரை கிடைக்காது. 1970களில் பசுமைப் புரட்சி வந்து, முறை பார்க்காமல் தொடர்ந்து நடச் சொன்னார்கள். புகையான் பூச்சியும் துங்ரோ என்ற நெல் நோயும் வயல்களை அழித்தன. கோயில் முறைதான் தண்ணீரையும் பூச்சியையும் ஒருசேரச் சமாளிக்கிறது என்று பிறகு ஸ்டீபன் லான்சிங் என்ற மானுடவியலாளர் கணினி மாதிரி வைத்துக் காட்டினார். நடுவில் நாலு வயல் வில்லாவானால் இந்த ஏற்பாடே குலையும்.

தென்றல்:
நியேபியை இருவருமே மறந்துவிட்டீர்கள். நம் அரசு நாட்காட்டியில் உள்ள அதே சக ஆண்டுக் கணக்கில் வரும் அவர்களுடைய புத்தாண்டு. அன்று விளக்கில்லை, வண்டியில்லை, விமான நிலையமே 24 மணி நேரம் மூடல். சுற்றுலாப் பயணியும் விடுதிக்குள்தான். ஊர் வழக்கத்துக்கு விருந்தாளியை அடங்க வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டவரிடம் 1,50,000 ரூபியா வசூலிக்கிறார்கள். அதில் சுபாக்குக்குப் பங்கு ஒதுக்கட்டும் என்பேன்.

மலைக்காற்று:
அதற்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் முதலில் அடிபடுவது சின்ன ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்தான், பெரிய ரிசார்ட் அல்ல.

செங்கதிர்:
அப்படியானால் ஆளுக்கு வேண்டாம், கட்டடத்துக்கு வரம்பு வையுங்கள். 2025 செப்டம்பரில் பாலியின் தலைநகர் டென்பசார் வெள்ளத்தில் தத்தளித்த பிறகு, விளைநிலத்தில் புது ஹோட்டலுக்கு அனுமதி இல்லை என்று ஆளுநரே சொன்னார். அந்தத் தடை வில்லாவையும் விடக்கூடாது. ஹோம்ஸ்டே நடத்துபவர் தன் வீட்டில்தானே அறை விடுகிறார், அவருக்கு இதில் என்ன நஷ்டம்?