கலைச்சொல்: காட்சிப் பின்னூட்டமா, கண்சாய்வா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒலிப்பதிவைக் கலக்கும்போது திரையில் தெரியும் கோடும் அளவும் நம் காதின் தீர்ப்பை மாற்றிவிடுவதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அண்ணன் எழுதியது:

> ஒலிக்கலவையில் திரை நம் கேட்டலை மாற்றுவதைக் 'காட்சிப் பின்னூட்டம்' என்றே சொல்லிவிடலாமே.

எனக்கு மனம் ஒப்பவில்லை, அண்ணா. மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பிடித்துக் கூவுவதற்கு 'பின்னூட்டம்' என்ற சொல்லை ஏற்கனவே கொடுத்துவிட்டோம். அதோடு, திரை காட்டுவதற்கு அல்ல, அதைப் பார்த்த காதுக்கு நேர்வதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

வெள்ளவத்தைக் கலையகம் ஒன்றில் நாதஸ்வரப் பதிவு. அதிர்வெண் படத்தில் 3,000 ஹேர்ட்ஸ் அருகே ஒரு மேடு. மிக்ஸிங் செய்த தம்பி கேட்டுப் பார்க்காமலே ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) அதை வெட்டினார். கோடு சமதளமாயிற்று, நாதஸ்வரமோ வீறு இழந்து தவிலுக்கு அடியில் பதுங்கிவிட்டது. திரையை அணைத்துவிட்டுக் கேட்டதும், வெட்டியதில் பாதியை அவரே திருப்பிக் கொடுத்தார். 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரை மனிதக் காது மிகக் கூர்மை. அந்தக் கூர்மை படத்தில் தெரியாது.

அணைத்து வைத்த ஈக்யூவின் குமிழைத் திருகிவிட்டு "இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லாத ஒலிப்பதிவாளர்கள் குறைவு. உளவியல் ஆய்வாளர்கள் மக்கர்க்கும் மக்டொனால்டும் 1976இல் காட்டியதும் இதற்குப் பக்கத்து விஷயம்தான்: காதில் ஓர் ஒலி, உதட்டசைவில் வேறோர் ஒலி என்றால் பலருக்கு மூன்றாவதொன்று கேட்கிறது. விஷயம் தெரிந்த பிறகும் அது விடுவதில்லை.

ஐயா முன்வைத்த 'திரைமயக்கம்' அழகான சொல். ஆனால் கணினிக்கு முன்பே இது உண்டு. 1942இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்ட வீயூ மீற்றரின் (ஒலியளவைக் காட்டும் கருவியின்) முள்ளைப் பார்த்தே சத்தத்தைத் தீர்மானித்தவர்களும் இருந்தார்கள். மயக்கம் என்றால் திரை முழுக்கப் பொய் என்றாகிவிடும். அது அநியாயம். சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காத 30 ஹேர்ட்ஸ் உறுமலைப் படம்தான் பிடித்துக் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பின் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கலவையைக் கொண்டுவர மீற்றர் இல்லாமல் முடியாது.

'பார்வைச் சாய்வு' நெருங்கி வருகிறது. ஆனால் பார்வை என்றதும் கருத்து, கண்ணோட்டம் எல்லாம் கூடவே வந்து நிற்கும். அதனால் 'கண்சாய்வு' என்பேன். தீர்ப்புச் சொல்லவேண்டிய காது கண் பக்கம் சாய்கிறது. 'ஒருவர் பக்கம் சாய்வது' ஏற்கனவே நம் பேச்சில் உள்ளதுதான். கலையகத்தில் வாயில் வருமா என்று பாருங்கள்: "கண்சாய்வு வந்திட்டுது, திரையை அணைச்சிட்டுக் கேளுங்கோ." "இந்த வெட்டு கண்சாய்வில் போட்டது." எனக்குத் தடங்கலில்லாமல் வருகிறது.

திரை காட்டும் அலைவடிவம், மீற்றர், வளைகோடு ஆகியவற்றுக்குப் பொதுப்பெயராக 'ஒலிக்காட்டி' போதும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் தனித்தனிப் பதிவாகச் சேர்க்கக் கேட்கிறேன்.