மண்டபத்துல ஃபிளாஷ் போட்டும் மேடை இருட்டா வருது

அரைக்கண்: டி.எஸ்.எல்.ஆர்., 18-55 கிட் லென்ஸ், கேமராவோட வர்ற பாப்-அப் ஃபிளாஷ். மேடைக்கு 6 மீட்டர் தள்ளி நின்னு 55-க்கு ஜூம் பண்ணினா பொண்ணு மாப்பிள்ளை இருட்டு, முன்வரிசை நாற்காலி மட்டும் பளிச். நாய்ஸ் (படத்துல மணல் மணலா வர்ற புள்ளி) வரும்னு ஐ.எஸ்.ஓ.வை (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணருதுங்கற அளவு) 100-லயே வச்சிருக்கேன். 18-ல எடுத்தா படத்துக்கு அடியில அரைவட்டமா ஒரு நிழல் வேற. ஃபிளாஷ் போயிடுச்சா?

ஒளிமானி: ஃபிளாஷ் நல்லாத்தான் இருக்கு, எட்டலை. பாப்-அப் ஃபிளாஷோட கைடு நம்பர் (ஃபிளாஷோட பலத்தைச் சொல்ற எண்) ஐ.எஸ்.ஓ. 100-ல 12 பக்கம், சில கேமராவுல 9தான். அதை எஃப் எண்ணால (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்குங்கற எண், சின்ன எண்ணுன்னா பெரிய திறப்பு) வகுத்தா எட்டுற தூரம் மீட்டர்ல வரும். 55-ல உங்க லென்ஸ் 5.6-க்கு மேல திறக்காது. 12-ஐ 5.6-ஆல வகுத்தா 2.1 மீட்டர். அதான் நாற்காலியோட நின்னுடுது. ஐ.எஸ்.ஓ. நாலு மடங்கானா தூரம் இரண்டு மடங்கு: 400-ல 4.3 மீட்டர், 800-ல 6 மீட்டர். உங்களுக்கு 800 மட்டுமட்டு, 1600 வச்சா நிம்மதி. இருட்டுப் படத்தை அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்தினா அதைவிட மோசமான நாய்ஸ்தான் வரும்.

அரைவட்டம் லென்ஸ் ஹுட்டோட (லென்ஸ் முன்னாடி மாட்டுற மறைப்பு) நிழல். கழட்டிடுங்க.

பழையஷட்டர்: மேல சொன்னதோட ஒண்ணு. ஷட்டர் வேகத்தைக் குறைச்சா ஃபிளாஷ் வெளிச்சம் கூடாது, மண்டப விளக்கோட வெளிச்சம்தான் கூடும். பின்னாடி அலங்காரமும் தெரியணும்னா ஸ்லோ சிங்க் (ஃபிளாஷ் அடிச்சாலும் ஷட்டர் மெதுவா ஓடுற முறை) போட்டு 1/30 செகண்ட் வைங்க. ஆள் அசைஞ்சா லேசா இழுக்கும்.

வெள்ளை வேட்டி, ஜரிகை, பின்னாடி கண்ணாடி இருந்தா கேமரா ஏமாந்து ஃபிளாஷைக் குறைச்சிடும். ஃபிளாஷ் காம்பன்சேஷனை (ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற செட்டிங்) +1 ஆக்கிப் பாருங்க. மெனுவுல ஃபிளாஷ் டி.டி.எல்.-ல (கேமராவே ஃபிளாஷ் அளவை முடிவு பண்ற முறை) இருக்கான்னும் பாருங்க. யாராவது மேனுவல் 1/32-ல (முழு பலத்துல 32-ல ஒரு பங்கு) விட்டிருந்தா ஐ.எஸ்.ஓ. ஏத்தியும் காப்பாத்தறது கஷ்டம்.

அரைக்கண்: 1600-ல சரியா வருது, நன்றி. தனி ஃபிளாஷ் இரவல் வாங்கினேன். தொடர்ந்து அடிச்சா ரெண்டாவது, மூணாவது படம் இருட்டு. சிலதுல வெள்ளை வெள்ளையா வட்டப் புள்ளியும் இருக்கு.

ஒளிமானி: ஃபிளாஷ் சார்ஜ் ஆனதைக் காட்டுற ரெடி விளக்கு எரியுறதுக்கு முன்னாடி அமுக்குறீங்க. சாதா அல்கலைன் செல்லை எடுத்துட்டு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் போடுங்க. 1.2 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க, உள்தடை குறைவுங்கறதால சீக்கிரம் சார்ஜ் ஏத்தும். நாலையும் ஒண்ணா மாத்தணும், பழசு புதுசு கலக்கக் கூடாது.

புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறினா காத்துல இருக்கற தூசி, ஹோமப் புகை. ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருந்தா அதிகம் தெரியும். ஃபிளாஷோட தலையைத் திருப்பி வெள்ளை சீலிங்ல அடிச்சா போயிடும். ஆனா சீலிங்ல பட்டு வர்ற வெளிச்சம் நிறைய குறையும், ஐ.எஸ்.ஓ.வை இன்னும் ஏத்தணும். புள்ளி கறுப்பா, ஒரே இடத்துல, எஃப் 16-ல இன்னும் அழுத்தமா தெரிஞ்சா சென்சார் தூசி. ப்ளோவரால ஊதுங்க, வாயால ஊதாதீங்க, எச்சில் ஒட்டிக்கும்.