சேலம் குகை வீட்டுச் சொந்தங்கள் குழு: தாத்தாவின் யெஸ்டி எங்கே?

[காலை 6.48] சுந்தரி: அண்ணா, அப்பாவின் யெஸ்டி பைக்கை யாருக்காவது விற்றுவிட்டீர்களா?

[6.48] சுந்தரி: பால்காரர் சொல்கிறார். நேற்று இரவு லைன்மேடு பக்கம் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

[6.51] தனம்: ஐயோ

[6.53] மணி: நான் விற்கவில்லை. கொட்டகைச் சாவி அம்மாவின் முந்தானையில் இருக்கிறது. அம்மாவைக் கேள்.

[6.55] சுந்தரி: கேட்டேன். வண்டி ஊருக்குப் போயிருக்கிறது என்கிறார். எந்த ஊருக்கு என்றால் சிரிக்கிறார்.

[6.56] திவ்யா: ஆயா சிரிக்கிறார் என்றால் கார்த்திதான்.

[6.58] கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[6.58] திவ்யா: படித்துவிட்டேன்

[6.59] மணி: என்ன எழுதி நீக்கினாய்?

[7.03] கார்த்தி: பெரியப்பா, வண்டி பத்திரமாக இருக்கிறது. அம்மாபேட்டையில் என் நண்பனின் பட்டறையில் நிற்கிறது. தாத்தாவின் தெவசத்துக்குள் ஓட வைத்து உங்கள் எல்லோரிடமும் காட்டலாம் என்று நினைத்தேன். அதற்குள் பால்காரர் முந்திக்கொண்டார்.

[7.04] சுந்தரி: கேட்டுவிட்டு எடுக்கக் கூடாதா? வீட்டுப் பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிய மாதிரியேதான் இதுவும்.

[7.05] மணி: சுந்தரி, காலையிலேயே வேண்டாம்.

[7.05] கார்த்தி: [படம்] [படம்] [படம்]

[7.06] கார்த்தி: எஞ்சினைப் பிரித்தாகிவிட்டது.

[7.06] தனம்: இது என்ன, கரி அடுப்பா?

[7.07] கார்த்தி: சைலன்சரின் உள்பக்கம், பெரியம்மா.

[7.21] பழனிச்சாமி: கார்த்தி, இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிஸ்டனில் ஒரு பக்கம் மட்டும் கீறல் இருக்கிறது. புகை வெளியேறும் பக்கம் அது. சூடு அங்கேதான் அதிகம். எண்ணெய் குறைந்தால் முதலில் அங்கேதான் பிடிக்கும். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன். இப்போதைய நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தனியாக நிற்கும். யெஸ்டி இரண்டு ஸ்ட்ரோக், அதில் அப்படி இல்லை. பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் கிராங்குக்கும். மாமனார் லிட்டருக்கு 40 மில்லி அளந்து ஊற்றுவார். பெட்ரோல் போனால்தான் எண்ணெயும் போகும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்ஸிலேட்டரை மூடியபடி கியரிலேயே இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றும், எண்ணெய் மட்டும் போதாது. பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். மாமனார் வளைவுக்கு வளைவு ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு இறங்கியது அதற்காகத்தான்.

[7.22] மணி: மாப்பிள்ளை, காபி குடித்தீர்களா?

[7.23] திவ்யா: தெருமுனையிலும் தாத்தா அப்படி ஒரு முறுக்கு முறுக்குவாரே! அங்கே ஏது மலை?

[7.24] சுந்தரி: கைப்பழக்கம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா உலையில் அரிசி போடுவார்.

[7.31] தனம்: எல்லோரும் விழித்திருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். தெவசம் திதிப்படியா, தேதிப்படியா?

[7.31] சுந்தரி: திதிப்படி.

[7.32] மணி: தேதிப்படி என்று அய்யரிடம் சொல்லியாகிவிட்டது.

[7.32] சுந்தரி: யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்?

[7.33] திவ்யா: எனக்கு விடுப்பு எடுக்க வேண்டும். யாராவது ஒரு நாளைச் சொல்லுங்கள்.

[7.40] கார்த்தி: [படம்]

[7.40] கார்த்தி: நான் வரைந்தது. வண்டி முடிந்ததும் இப்படி இருக்கும். பின் மட்கார்டைக் குறைத்து ஒற்றை சீட். டேங்க் பளபளக்காத கறுப்பு. இரட்டைச் சைலன்சருக்குப் பதிலாக ஒரே எக்ஸ்பான்ஷன் சேம்பர்.

[7.41] சுந்தரி: கறுப்பா?

[7.41] மணி: அப்பாவின் மெரூன் என்ன ஆயிற்று?

[7.42] திவ்யா: டேய் கார்த்தி

[7.42] தனம்: தெவசத்துக்குக் கறுப்பு வண்டியா கொண்டுவரப் போகிறாய்!

[7.58] பழனிச்சாமி: ஒரு சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், அதுதான் யெஸ்டியின் அடையாளம். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே என்பது இன்னொன்று. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1996-இல் மூடிவிட்டது. இனி அந்த வண்டி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை. இருப்பதை அறுப்பானேன்?

[7.59] திவ்யா: மாமா, 2022-இல் யெஸ்டி மறுபடியும் வந்துவிட்டதே?

[8.00] பழனிச்சாமி: பெயர் வந்தது. அது நான்கு ஸ்ட்ரோக்.

[8.04] கார்த்தி: மாமா, எக்ஸ்பான்ஷன் சேம்பர் அழகுக்காக இல்லை. அந்தக் குழாயின் வயிறு விரிந்து பிறகு சுருங்கும். சுருங்கும் இடத்தில் மோதித் திரும்பும் அலை, எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இழுவை கூடும்.

[8.09] பழனிச்சாமி: உனக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அது எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போதுதான் கைகொடுக்கும். மூட்டையோடு மலை ஏறுகிறவனுக்கு அதற்குக் கீழேதான் இழுவை வேண்டும்.

[8.10] மணி: மாப்பிள்ளை, நீங்கள் டிப்போவில் டீசல் பஸ் பார்த்தவர்தானே?

[8.11] பழனிச்சாமி: டிப்போவுக்கு முன்னால் நான்கு வருடம் நான் எங்கே வேலை செய்தேன் என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள். இவ்வளவு தெரிந்தும் மாமனார் ஒரு நாள்கூட அந்த வண்டியைத் தொட விடவில்லை.

[8.12] சுந்தரி: 32 வருடமாக இந்தப் புலம்பலைக் கேட்கிறேன்.

[8.15] மணி: முதலில் ஆர்.சி. கணக்கைப் பாருங்கள். வண்டி 1984. 15 வருடம் கழித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து வந்தார். கடைசியாக 2019. அது 2024-இல் முடிந்துவிட்டது. இப்போது அதை ரோட்டில் எடுக்கவே முடியாது.

[8.17] திவ்யா: பழைய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு ஒன்று இருக்கிறதே? 2021-இல் விதி வந்தது.

[8.20] பழனிச்சாமி: அதற்கு 50 வயது ஆக வேண்டும். இதற்கு 2034-இல்தான் ஆகும். அந்த எண் கிடைத்தாலும் தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான். இன்னொன்று, உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்ல வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கான 31-ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்றா, பெரிய மச்சான்?

[8.31] மணி: வாரிசுச் சான்றிதழ் வந்ததும் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

[8.32] சுந்தரி: சான்றிதழ் பங்குனியிலேயே வந்துவிட்டது.

[8.33] சுந்தரி: அம்மாவோடு சேர்த்து நான்கு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடுவேனா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை.

[8.34] தனம்: அண்டாவை யார் வைத்திருக்கிறீர்கள்? புதுமனைப் புகுவிழாவுக்குப் போனது இன்னும் திரும்பி வரவில்லை.

[9.47] ராஜேந்திரன்: எஸ்டேட்டில் சிக்னல் இல்லை. இப்போதுதான் எல்லாம் படித்தேன். வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான். பையனைத் திட்ட வேண்டாம்.

[9.49] சுந்தரி: ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சின்னண்ணா.

[9.52] ராஜேந்திரன்: 1993-இல் என் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கை விற்றபோது என்னை யார் கேட்டார்கள்?

[10.05] திவ்யா: சித்தப்பாவிடம் ஆர்.எக்ஸ். இருந்ததா?

[10.06] கார்த்தி: அப்பா, என்னிடம் சொன்னதே இல்லையே

[10.07] மணி: பழைய கதை எதற்கு?

[10.15] ராஜேந்திரன்: கதை ஒன்றும் பெரிதில்லை. மூன்று வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினேன். எஸ்டேட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை இறங்கி வந்தேன். ஞாயிறு காலை எழுந்தால் திண்ணைக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அப்பா கல்யாணச் செலவு என்றார். நானும் சரி என்றேன். பஸ்ஸில் மலை ஏறினேன்.

[10.17] சுந்தரி: யார் கல்யாணம்? என் கல்யாணமா?

[10.18] மணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[10.18] சுந்தரி: நீக்கியதைப் படித்துவிட்டேன், பெரியண்ணா. மோதிரமா?

[10.19] சுந்தரி: இவர் கையில் இன்றைக்கும் போட்டிருக்கிற மோதிரமா?

[10.19] தனம்: தட்டுவடை செட்டுக்குச் சொல்லிவிடவா? சாயங்காலம் வருகிறவர்களுக்கு வேண்டும். 60 போதுமா?

[10.20] திவ்யா: அம்மா, கொஞ்சம் பொறுங்கள்

[10.40] ராஜேந்திரன்: சுந்தரி, உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். விடு.

[மதியம் 1.12] கார்த்தி: டேங்க்குக்குள் முழுக்கத் துரு. போல்ட்டும் நட்டும் போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறோம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு மெருகு போடும் பட்டறையில் எஞ்சின் மூடிகளைக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. [படம்]

[1.14] தனம்: இதில் முகம் தெரிகிறதே! என் கொலுசையும் கொடுத்து அனுப்பட்டுமா?

[1.15] திவ்யா: மாமா சத்தமே இல்லையே?

[1.16] சுந்தரி: மதியம் சாப்பிடவில்லை. கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார்.

[மாலை 5.30] திவ்யா: ஆயாவோடு பேசினேன். குழுவில் போடச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “அத்தனை வருடமும் அந்தப் பின் சீட்டில் சேலை மூட்டைதான் உட்கார்ந்து போயிற்று. சம்பள நாள் வந்தால் எஸ்டேட் எஸ்டேட்டாக மூட்டை போகும். என்னை ஒரு நாளும் ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனதில்லை. சாவியை நான்தான் பேரனிடம் கொடுத்தேன். வண்டி ஓடினால் முதலில் நான் பின்னால் உட்காருவேன். சேர்வராயன் கோவிலுக்குப் போக வேண்டும்.”

[5.31] திவ்யா: கார்த்தி, உன் ஒற்றை சீட்?

[5.33] கார்த்தி: புரிந்தது

[5.34] மணி: 78 வயதில் இரண்டு சக்கர வண்டியில் மலையா? நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரில் போகலாம்.

[5.35] சுந்தரி: அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

[இரவு 8.52] பழனிச்சாமி: கார்த்தி, கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீலையும் மாற்று. ஆறு வருடம் நின்ற வண்டியில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் எண்ணெயை இழுத்து வெள்ளைப் புகை விடும். மேக்னெட் பக்கம் கசிந்தால் காற்றை இழுக்கும், சூடேறி மறுபடியும் ஜாம் ஆகும். சிலிண்டரை உள்ளே கடைந்து (போர் செய்து) அடுத்த அளவு பிஸ்டன் போடு. ரிங் மாட்டும்போது பள்ளத்தில் இருக்கிற சின்ன பின்னுக்கு நேராக ரிங்கின் வாய் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ரிங் சுற்றிப்போய் சிலிண்டரின் போர்ட் துளையில் மாட்டி உடையும். புதுப் பிஸ்டனோடு முதல் 500 கிலோமீட்டர் விரட்டக் கூடாது. தெவசத்துக்குள் ரிங் ரோட்டில் ஓட்டினால் போதும். மலை பிறகு.

[8.53] பழனிச்சாமி: செலவில் பாதி என்னுடையது.

[8.55] ராஜேந்திரன்: வேண்டாம் மாப்பிள்ளை. நான் அதற்காகச் சொல்லவில்லை.

[8.56] பழனிச்சாமி: அது எனக்கும் தெரியும். ஞாயிறு காலை பட்டறைக்கு வருகிறேன். சின்ன மச்சானும் இறங்கி வந்தால் நல்லது. பாயிண்ட் இடைவெளி வைக்க இன்னொரு கை வேண்டும்.

[9.10] ராஜேந்திரன்: காப்பி பறிப்பு நேரம். பார்க்கிறேன்.

[9.12] கார்த்தி: அப்பா, ஆர்.எக்ஸ். நம்பர் நினைவிருக்கிறதா? எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம்.

[9.20] ராஜேந்திரன்: இருக்கிறது.

[9.21] கார்த்தி: சொல்லுங்களேன்

[9.40] சுந்தரி: கையெழுத்தைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். மெரூன் இல்லையென்றால் போட மாட்டேன்.

[9.41] மணி: திதியா தேதியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அய்யர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

[9.41] சுந்தரி: திதி.

[9.44] தனம்: அண்டா?